ஆஸ்பத்திரிக்குப் போன பெரியவரை முதியோர் இல்லம் திரும்பச் சேர்த்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்

முதியோர் இல்லத்தில் இருக்கும் அப்பா இடுப்பெலும்பு முறிந்தோ நிமோனியா வந்தோ ஆஸ்பத்திரியில் சேர்கிறார். பத்து நாள் கழித்து, நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொன்னதும் இல்லத்துக்குப் போன் போட்டால், "இந்த நிலைமையில எங்களால பாத்துக்க முடியாதுங்க, வேற இடம் பாருங்க" என்று பதில் வருகிறது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஊர் வீடு பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் விற்றாகியிருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் அப்பா அம்மாவை இல்லத்தில் விட்டிருக்கும் குடும்பங்கள் இந்தப் பதிலை எப்போது வேண்டுமானாலும் கேட்க நேரலாம்.

இதில் காரியம் கைகூடுவதும் கெடுவதும் பெரும்பாலும் இரண்டு கட்டங்களில்தான். ஒன்று, இல்லத்தில் சேர்த்த நாள். இன்னொன்று, டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள். ஆம்புலன்ஸ் கேட் வாசலில் வந்து நின்ற பிறகு சட்டம் பேசுவது கடைசி வழி. அந்த வழியும் கீழே இருக்கிறது, ஆனால் அதுவரை போகவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலை அதிகம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் "ஆஸ்பத்திரிக்குப் போனவரின் கட்டிலை இத்தனை நாள் காலியாக வைத்திருக்க வேண்டும்" என்று எந்தப் பிரிவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் நர்சிங் ஹோம்கள் (அங்கே அது முதியோரைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம்), ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதே கட்டில் எத்தனை நாள் வைக்கப்படும், அதற்குக் கட்டணம் என்ன என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த நாள் கடந்துபோனாலும், மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) பெறுபவர் திரும்பி வந்தால் பழைய அறை காலியாக இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் முதலில் காலியாகும் கட்டிலிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பச் சேர்க்க மறுத்தால் அது வெளியேற்றமாகவே கருதப்படும், மேல்முறையீடும் உண்டு. அமெரிக்காவில் பெற்றோரை வைத்திருக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரில் வைத்திருப்பவர்கள் இதையே மாதிரியாக எடுத்துக்கொண்டு, சட்டம் எழுதாததை ஒப்பந்தத்தில் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் சட்டத்தில் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. 24-ஆம் பிரிவு, மூத்த குடிமகனைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இது பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிரிவின் வாசகம் "பராமரிப்பிலோ பாதுகாப்பிலோ வைத்திருக்கும் எவரும்" என்ற பொருளில் இருக்கிறது. இல்லத்தோடு பேசும்போது இதை நினைவில் வைக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் வீச வேண்டாம். கைவிடும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். பேச்சு முறிந்துபோன பிறகு அதே இல்லத்தில் அப்பா எப்படி இருப்பார் என்றும் யோசிக்க வேண்டும்.

பணம் கட்டித் தங்கும் இல்லம் என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். இலவச இல்லத்துக்கு அது பொருந்தாது. கட்டணமில்லாத சேவையை அந்தச் சட்டமே விலக்கியிருக்கிறது. ஆனால் அரசு மானியம் வாங்கும் இலவச இல்லங்கள் கலெக்டருக்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பல நேரம் கோர்ட்டை விட அது சீக்கிரம் வேலை செய்யும்.

சேர்க்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டியது

முதல் கேள்வி, இல்லம் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்பது. பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் செல்லில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலே போதும், ஆனால் காலாவதித் தேதி தெரிகிற மாதிரி எடுங்கள். பதிவில்லாத இல்லத்தில் நாளை பிரச்சினை வந்தால், அதிகாரி முதலில் இல்லத்தை மூடுவதைப் பற்றித்தான் பேசுவார். உங்கள் கட்டில் அப்புறம்தான்.

பெரும்பாலான இல்லங்கள் தரும் சேர்க்கைப் படிவம் இரண்டு பக்கம். அட்வான்ஸ் எவ்வளவு, மாதக் கட்டணம் எந்தத் தேதிக்குள், இல்லம் எதற்கெல்லாம் பொறுப்பல்ல என்பது இருக்கும். ஆஸ்பத்திரி பற்றி ஒரே ஒரு வரி: "தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவார், செலவு குடும்பத்தாருடையது." திரும்பி வருவது பற்றி ஒன்றும் இருக்காது. அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே கையால் எழுதி, இரு தரப்பும் தேதி போட்டுக் கையெழுத்திட்டால் செல்லும். இப்படி எழுதலாம்:

"மருத்துவமனையில் சேர நேர்ந்தால் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் வரை அவருடைய கட்டில் வேறு எவருக்கும் தரப்படாது. அந்த நாட்களுக்கு அறை வாடகை முழுதாகவும், உணவுக் கட்டணம் இல்லாமலும் செலுத்தப்படும். 30 நாள் கடந்தால் அடுத்துக் காலியாகும் கட்டிலில் அவருக்கு முன்னுரிமை. திரும்பச் சேர்க்க இயலாது என இல்லம் கருதினால், காரணத்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். மாற்று இடம் கிடைக்க 30 நாள் அவகாசம் தர வேண்டும்."

30 நாளை இல்லம் ஒத்துக்கொள்ளாவிட்டால் 15-க்கு இறங்கி வாருங்கள். உணவுக் கட்டணத்தைக் கழிப்பதையும் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்கக் கூடாதது கடைசி இரண்டு வாக்கியங்கள். மறுப்பை எழுத்தில் தர வேண்டும் என்ற ஒரு வரி இருந்தாலே, "முடியாது" என்று போனில் சொல்லிவிட்டு வைக்கும் பழக்கம் பாதி குறையும்.

பெரியவர் சுயநினைவோடு, தெளிவாக இருந்தால் இந்தத் தாளில் அவருடைய கையெழுத்துதான் முக்கியம். மகன் கையெழுத்து அதற்கு அடுத்துதான். கை நடுங்கினால் இடது பெருவிரல் ரேகை வைத்து இரண்டு சாட்சி போடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அவசரத்துக்கு யார் வருவார், யார் முடிவு சொல்லலாம் என்று உள்ளூரில் ஒருவரின் பெயரையும் நம்பரையும் அதே தாளில் எழுதுங்கள். அத்தை மகனோ பழைய எதிர்வீட்டுக்காரரோ, மூன்று மணி நேரத்துக்குள் வார்டுக்கு வந்து சேரக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் ஏறும் நாள்

108 வந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கோ திருவாரூர் மெடிக்கலுக்கோ கூட்டிப்போகும்போது யாருக்கும் தாளைப் பற்றிய நினைப்பு வராது. அதனால் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆதார் நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், மாத்திரைப் பட்டியல், அலர்ஜி விவரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டு இல்லத்தில் கொடுத்துவைக்க வேண்டும். இல்லத்துக்கு வந்த பிறகு பெரியவர் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிட்ட குடும்பங்கள் உண்டு. காப்பீட்டு கவுன்ட்டரில் போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும். காப்பீடு வேண்டுமென்றால் பெயரை எடுக்காதீர்கள்.

அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், இல்லத்தின் நிர்வாகிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட வேண்டும். போனில் சொன்னது போதாது. "வணக்கம் மேடம். அறை 7-ல் இருக்கும் எங்கள் அப்பா இன்று மாலை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிகிச்சை முடிந்து உங்கள் இல்லத்துக்கே திரும்புவார். கட்டிலை வைத்திருக்கவும். இந்த மாதக் கட்டணத்தை வழக்கம்போல் அனுப்புகிறோம்." நான்கு வரி போதும். தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். "சரி" என்று ஒரு பதில் வந்தால் அதுவே ஒப்புதல்.

கட்டணத்தைப் பேங்க் மூலமோ ஜிபே மூலமோ அனுப்பி, குறிப்பில் மாதத்தையும் "அறை வாடகை" என்பதையும் போடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு ஓடுகிறது, இல்லத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்று நிறுத்தினால், கட்டிலைத் தர மறுக்க இல்லத்துக்கு அதைவிட நல்ல காரணம் வேறு கிடைக்காது.

அறையில் நகை, பாஸ்புக், பென்ஷன் தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். துணி, பாய், சாமி படம், மின்விசிறி எல்லாம் அப்படியே இருக்கட்டும். பொருள் உள்ளே இருக்கும் அறையை வேறொருவருக்குத் தர எல்லோருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். பூட்டுவதற்கு முன் அறையை ஒருமுறை வீடியோ எடுத்துவிடுங்கள். பல்செட், காது மெஷின், மூக்குக்கண்ணாடி மூன்றும் பெரியவரோடு போக வேண்டும். வார்டில் பேச்சு கேட்காமலும் ஆளைத் தெரியாமலும் கிடந்தால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அந்த எழுத்து இல்லம் வரை வரும்.

இல்லம் ஏன் மறுக்கிறது

பெரும்பாலும் மனசில்லாமல் அல்ல. போனவர் நடந்துபோனார், வருபவர் படுத்தபடி வருகிறார். இரவில் இருபது பேருக்கு ஒரே ஒரு ஆயா இருக்கும் இடத்தில் அது பெரிய வித்தியாசம். எந்த வேலையைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வேலைக்கு வழி சொன்னால் முக்கால்வாசி இடங்களில் கதவு திறக்கும்.

யூரின் ட்யூப். இது இருந்தாலே வேண்டாம் என்பார்கள். முதலில் வார்டு டாக்டரிடம் ட்யூப் இன்னும் தேவையா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்காகப் போட்டதை எடுக்க மறந்து டிஸ்சார்ஜ் வரை வந்துவிடுவது உண்டு. தேவை என்றால் எந்தத் தேதியில் போட்டது, என்ன வகை, எப்போது மாற்ற வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். சாதா ரப்பர் ட்யூப் இரண்டு முதல் நான்கு வாரம், சிலிக்கான் ட்யூப் அதிகபட்சம் மூன்று மாதம் தாங்கும். இல்லத்து ஆயாவுக்குச் சொல்ல வேண்டியது மூன்றுதான்: பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் வடித்துவிட வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது பையை எடுத்து மடிமேல் வைப்பார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே போய் நாலு நாளில் குளிர்காய்ச்சல். தூக்குவதற்கு முன் பையை வடித்துவிட்டால் தொல்லை இல்லை.

மூக்கு ட்யூப். கஞ்சி கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதுதான் பயம். டிஸ்சார்ஜுக்கு முன் இல்லத்திலிருந்து ஒருவரை வார்டுக்கு வரவழைத்து, நர்ஸ் பக்கத்தில் நிற்க அவர் கையாலேயே இரண்டு வேளை கொடுக்க வையுங்கள். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லி, மெதுவாக, கொடுத்து முடித்ததும் 30 மில்லி வெந்நீர் ஆறவைத்து ஊற்ற வேண்டும், அரைமணி நேரமாவது படுக்க விடக்கூடாது. மூக்கு ஓரத்தில் ட்யூபில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், அது நகர்ந்திருக்கிறதா என்று தினம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோடு வெளியே வந்திருந்தால் எதையும் ஊற்றக்கூடாது.

படுக்கைப்புண். இல்லத்துக்கும் குடும்பத்துக்கும் பின்னால் மூளும் சண்டைகளில் பாதி இதனால்தான்: புண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததா, இங்கே வந்ததா? டிஸ்சார்ஜ் அன்று காலை பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழ் வால் எலும்பு, இரண்டு குதிகால், இரண்டு பக்க இடுப்பு மூட்டு ஆகிய இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த தோலை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் நிறம் சரியாகத் தெரியாது, சூடும் கெட்டியும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். படம் எடுத்து இல்லத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மறைத்தால் இரண்டாம் நாளே குளிப்பாட்டும்போது தெரிந்துவிடும், நம்பிக்கையும் போய்விடும்.

ஏர் பெட் வாங்கிக் கொடுத்தால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அது தப்பு. ஏர் பெட் இருந்தாலும் படுத்த படுக்கையில் இருப்பவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், சில மெத்தை அரைமணியில் தட்டையாகிவிடும். இல்லத்து இன்வெர்ட்டரில் அந்த ப்ளக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆக்சிஜன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் கரண்ட் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கம் கரண்ட் எத்தனை நாள் வரவில்லை என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஆக்சிஜனோடு ஒருவரைக் கடலோரப் பக்கம் இல்லத்துக்கு அனுப்புவதாக இருந்தால், ஜெனரேட்டரும் மாற்றாக ஒரு நிரப்பிய சிலிண்டரும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இல்லம் மறுப்பது நியாயம்தான்.

இரவில் கத்துகிறார், ஆளைத் தெரியவில்லை. வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வரும் குழப்பம் இது. காய்ச்சல், உப்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், தூக்கம் கெடுவது, புது மாத்திரை என்று பல காரணம். பெரும்பாலும் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தெளியும், பழக்கமான இடத்துக்குப் போனால் இன்னும் சீக்கிரம். ஆனால் இல்லத்தில் "மனநோயாளியைச் சேர்க்க மாட்டோம்" என்பார்கள். முன்பு மறதி நோய் இல்லாதவர் என்றால், "மருத்துவமனையில் ஏற்பட்ட தற்காலிகக் குழப்பம், குறைந்துவருகிறது" என்று டாக்டர் தம் கையால் சம்மரியில் எழுதும்படி கேளுங்கள். பகலில் தெளிவாகப் பேசும்போது ஒரு நிமிஷ வீடியோவும் எடுத்து அனுப்புங்கள். சம்மரியை விட அந்த வீடியோதான் மனதை மாற்றும்.

தொற்று. டிபி என்று காதில் விழுந்தாலே கேட்டைச் சாத்துவார்கள். மருந்து தொடங்கிய தேதியையும், மற்றவர்களோடு இருக்கலாமா, எந்தத் தேதியிலிருந்து இருக்கலாம் என்பதையும் டாக்டர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்குங்கள். அது இல்லாமல் வாய்ப்பேச்சில் சமாதானம் செய்ய முயன்றால் நடக்காது.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். பெரியவர் இங்கே செத்துப்போனால் போலீஸ் வருமோ, பிள்ளைகள் நம் மேல் பழி போடுவார்களோ என்ற பயம். இதைக் குடும்பம்தான் எடுத்துப் பேச வேண்டும். இயற்கையாக உயிர் போனால் இல்லத்தின் மேல் குறை சொல்ல மாட்டோம், எந்த டாக்டரை அழைக்க வேண்டும், எந்த நிலையில் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், எந்த நிலையில் வேண்டாம் என்று ஒரு கடிதம் கொடுங்கள். வென்டிலேட்டர் வேண்டாம் என்று பெரியவரே நினைத்தால், உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று 2023-ல் எளிதாக்கிய முறைப்படி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் எழுதிவைக்கலாம். அப்படி ஒரு தாள் இருந்தால் இல்லத்துக்குப் பெரிய நிம்மதி.

டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பு

பெரியவர் முதியோர் இல்லத்திலிருந்து வந்தவர், அங்கேயே திரும்புவார் என்பதைச் சேர்த்த அன்றே வார்டு டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் மருமகள் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கில் டிஸ்சார்ஜ் போட்டுவிடுவார்கள்.

இல்லத்தின் நர்ஸையோ நிர்வாகியையோ வார்டுக்கு வந்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிச் செலவைக் கொடுத்துவிடுங்கள். போனில் "படுத்த படுக்கை" என்று கேட்டவர், நேரில் வந்து அவர் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதைப் பார்த்தால் பேச்சே மாறிவிடும். இடுப்பெலும்பு ஆபரேஷன் என்றால் காலில் எடை போடலாமா, எவ்வளவு, வாக்கரோடா என்பதை எலும்பு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் நிற்க வைக்கும் நேரத்துக்கு இல்லத்து ஆளும் வந்தால் இன்னும் நல்லது. மாடி அறை என்றால் தரைத்தள அறை, இந்தியன் டாய்லெட் என்றால் கமோட் நாற்காலி. இந்த இரண்டையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

சம்மரியில் மாத்திரைப் பட்டியலை நன்றாகப் பாருங்கள். பழைய மாத்திரையில் எது நிறுத்தப்பட்டது என்பது பெரும்பாலும் இருக்காது. அதே பிரஷர் மாத்திரை வேறு பெயரில் இரண்டாகப் போய், பெரியவர் மயங்கி விழுந்து மறுபடி ஆஸ்பத்திரி என்று ஆகும். பழைய பட்டியலை நீட்டி, ஒவ்வொன்றாகத் தொடர வேண்டுமா நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் டிக் வாங்குங்கள்.

இல்லம் இருக்கும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு போன். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இருப்பிடத்துக்கே வரும். இல்லத்துக்கும் வரச் சொல்லிக் கேளுங்கள். வாரம் ஒருமுறை வெளியிலிருந்து நர்ஸ் வந்து பார்ப்பார் என்று தெரிந்தால் இல்லத்துக்குத் தைரியம் வரும். அதற்கு மேலும் ஆள் தேவை என்றால், முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் தனி அட்டெண்டர் போடுகிறோம் என்று நீங்களே சொல்லுங்கள். கட்டணத்தை நிரந்தரமாக உயர்த்துவதை விட அது மலிவு. "இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவு செய்யலாம்" என்பதையும் வாட்ஸ்அப்பில் போட்டுவைக்கவும்.

டிஸ்சார்ஜை ராகுகாலம், எமகண்டம் பார்த்துத் தள்ளிப்போடுவது நம் ஊர் வழக்கம். தள்ளுங்கள், ஆனால் சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். பகல் நர்ஸ் இருக்கும்போது, மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும்போது, மூன்று மணிக்குள் இல்லத்தில் சேர்வதுதான் நல்ல நேரம். பொங்கல், தீபாவளி நாட்களில் இல்லத்து ஆட்கள் லீவில் போயிருப்பார்கள், அந்தச் சமயம் மறுப்பும் அதிகம். வீட்டுக்குக் கொண்டுவிட 108 வராது, தனியார் ஆம்புலன்ஸை முதல் நாளே பேசிவைக்க வேண்டும். ஒரு வாரத்து மாத்திரை, டயப்பர், கையுறை எல்லாம் கூடவே போகட்டும்.

கேட்டைத் திறக்க மாட்டேன் என்றால்

இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை என்றால் ஆகாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து, திரும்பும் இடம் உறுதியாகவில்லை, இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி வாசலில் நிற்கிறீர்கள் என்றால், பெரியவரை ஆம்புலன்ஸிலேயே வைத்துக்கொண்டு கத்திப் பேச வேண்டாம். "மறுப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள், அல்லது இந்த மெசேஜுக்குப் பதில் போடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எழுதத் தயங்கி, "சரி, இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறோம்" என்று இறங்கி வருவது பல இடங்களில் இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்து 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. அவர்கள் இல்லத்தோடு பேசுவார்கள், சமூக நல அலுவலகத்துக்கும் தகவல் போகும். நேரடியாக மாவட்ட சமூக நல அலுவலருக்கு மனு கொடுக்கலாம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ரசீது வாங்கலாம். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. சேர்ந்த தேதி, கட்டிய பணம், ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி, வாட்ஸ்அப் அனுப்பிய தேதி, மறுத்த தேதி, என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்க வேண்டும். இணைப்பாக ஒப்பந்தம், பணம் கட்டிய சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் இருக்கும் பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்கு இல்லத்தின் மேல் மனு எடுத்துக்கொண்டு போய் அலைகிறவர்கள் உண்டு. அது பிள்ளைகள் மேலும் சொத்துக்கு வாரிசாகும் உறவினர் மேலும் பராமரிப்புத் தொகை கேட்கும் இடம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், அதன்மேல் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. இல்லத்துக் கட்டணத்தை ஒரு மகன் கட்டி மற்றவர்கள் கைவிட்டதால்தான் கட்டில் போகிறது என்றால் மட்டும் அங்கே போவதில் பலன் உண்டு.

கட்டண இல்லம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். அவசரம் என்றால் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. அம்மா மனுதாரர் என்றால் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் கிடைப்பார்.

திரும்பக் கூடாத சமயமும் உண்டு

இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியவர், தினம் இரண்டு முறை புண் கட்ட வேண்டியவர், இரவில் சளி உறிஞ்ச வேண்டியவர். ஒரே ஆயா இருக்கும் இல்லத்தில் இவர்களைச் சட்டத்தின் பலத்தில் சேர்த்துவிட்டால் கஷ்டப்படுவது பெரியவர்தான். முன்பு நன்றாகப் பார்த்துக்கொண்ட இல்லம் நேர்மையாக "முடியாது" என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்வதே மேல். அப்போதும் 30 நாள் அவகாசத்தை விடாதீர்கள். மாற்று இடம் பார்ப்பதில் இல்லத்தின் உதவியையும் கேளுங்கள். எந்த இல்லம் இப்படிப்பட்டவர்களை எடுக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அட்வான்ஸில் எவ்வளவு பிடித்துக்கொண்டு எவ்வளவு திருப்பித் தருகிறார்கள் என்று கணக்கு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கு உணவுக் கட்டணம் பிடித்திருந்தால் கழிக்கச் சொல்லுங்கள். அறையைக் காலி செய்யும்போது முன்பு எடுத்த வீடியோவை வைத்துப் பொருட்களைச் சரிபார்த்து, "எல்லாம் பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்திடுவதைப் பணம் கைக்கோ பேங்குக்கோ வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பென்ஷன், பேங்க் முகவரியை இல்லத்துக்கு மாற்றியிருந்தால் புது இடத்துக்கு மாற்றும் வரை பென்ஷன் தபால், பேங்க் தபால் எல்லாம் பழைய இல்லத்துக்குத்தான் போகும். மூன்று மாதத்துக்கு வாங்கிவைக்கச் சொல்லி நிர்வாகியிடம் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.